ஆற்றுப் படுகையின் குறுவாழ்வுச் செடிகள்

(ஆற்றோர ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கிராம அபிவிருத்திக் கூட்டங்களில் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் இவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக் கொண்டிருப்பதோ, ஆற்றுக்குப் போகும் வழியில் நீங்கள் யாவரும் மிதித்துச் செல்லும் சில பூண்டுகள். கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, செருப்படை, பர்ப்பாடகம், மாசிப்பத்திரி, கோழிக்கீரை முதலியவை அவை. இவற்றுட் சில அடுப்புக்கும் சில மருந்துக்கும் வருகின்றன. மற்றவை ஆடுமாடுகளின் வாய்க்குப் போகின்றன. இவற்றின் உடலமைப்பைக் கொஞ்சம் உள்ளே புகுந்து பார்ப்போமானால், ஆற்றுப் படுகையை நாம் எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் ஒரு செய்தி கிடைக்கும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். முசிறிக்கும் குளித்தலைக்கும் இடையே ஓடும் காவிரியை எடுத்துக்கொள்வோம். அகண்ட காவிரி என்று மக்கள் சொல்லும் பகுதி அது. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின், ஜூன் 12-ஆம் நாள் பாசனத்துக்கு நீர் திறப்பதும், ஜனவரி 28-ஆம் நாள் நிறுத்துவதும் மரபாயின. நிறுத்தியபின் குடிநீருக்கென வரும் சிறிய ஓட்டந்தான். தை பிறந்து சில நாட்களில் ஆறு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்கிறது. ஒதுங்கும்போது அது பின்னே விட்டுச் செல்லும் நிலமே நமது செடிகளின் வீடு. தை முதல் வைகாசி வரை, ஏறக்குறைய நான்கு மாதம், அந்த வீடு அவற்றுக்கு வாடகையின்றிக் கிடைக்கிறது. பிறகு வீட்டுக்காரி வந்துவிடுகிறாள்.

அந்த நிலத்தை நீரோரத்திலிருந்து கரையை நோக்கி நடந்து பார்த்தால், சிறுசிறு பட்டைகளாக அது மாறிக்கொண்டே போவது தெரியும். நீரை ஒட்டிச் சேறு. காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். அடுத்து, வெடிப்பு விடத் தொடங்கிய வண்டல். அதற்கப்பால் ஈரமணல். இறுதியில், உச்சிவேளையில் வெறுங்காலால் நிற்க இயலாத சுடுமணல். செடிகளின் வயதும் இதே வரிசையில் அமைந்திருக்கும். நீரோரத்தில் நேற்று முளைத்த குருத்துக்கள், நடுவே பூத்தவை, கரையோரத்தில் விதையுதிர்த்துக் காய்ந்தவை. ஒரு செடியின் முழு வாழ்க்கையையும் நூறு அடி தூரத்தில் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆசிரியர்களுக்கு இதைவிட வசதியான பாடசாலை கிடையாது.

இதிலே உள்ள சங்கடத்தைக் கவனியுங்கள். சேற்றில் முளைத்த செடி அங்கேயேதான் நிற்கிறது. நீரோ விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. முளைக்கும்போது காலடியில் நீர் தேங்கி வேருக்கு மூச்சு முட்டுகிறது. அதே செடி பூக்கும்போது வேரடியில் ஈரம் வற்றி இலை கருகுகிறது. வயலில் நாம் இப்படி ஒரு பயிரைப் படுத்தினால், அது பாதியிலேயே போய்விடும்.

அதிலும் ஆண்டுக்கு ஆண்டு கணக்கு மாறும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. 2017-இல் மேட்டூர் அணை ஜூன் மாதத்தில் திறக்கப்படவில்லை. அக்டோபர் 2-ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. 2018-இல் ஜூலை 19-ஆம் நாள் திறந்தார்கள். அந்த மாதமே அணை நிரம்பி, ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில வெள்ளத்தில் உடைந்து விழுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஓர் ஆண்டில் எட்டு மாதத்துக்கும் மேலாக வறண்ட படுகை, மறு ஆண்டில் கரைபுரண்ட வெள்ளம். பஞ்சாங்கத்தை நம்பி வாழும் செடி இங்கே பிழைக்காது. எந்த நாளும் கடைசி நாளாகலாம் என்று எண்ணிக்கொண்டு உடலைக் கட்டும் செடியே பிழைக்கும். அந்த உடல் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே நம் பொருள்.

வேரிலிருந்து தொடங்குவோம். வேரும் மூச்சு விடுகிறது. அதற்கும் பிராணவாயு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று உள்ளவரை குறைவில்லை. நீர் தேங்கிவிட்டால், அவ்விடுக்குகளில் நீர் புகுந்துகொள்கிறது. காற்றின் ஊடே பிராணவாயு பரவும் வேகத்தை நோக்க, நீரின் ஊடே அது பரவும் வேகம் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கே. மண்ணில் எஞ்சியிருக்கும் சிறிதளவையும் நுண்ணுயிர்கள் ஓரிரு நாட்களுக்குள் உண்டு தீர்த்துவிடும். ஆகவே சேற்றில் நிற்கும் செடியின் வேருக்குக் கீழேயிருந்து காற்று கிடைக்க வழியில்லை; மேலேயிருந்துதான் வரவேண்டும்.

கரிசலாங்கண்ணி ஒன்றைச் சேற்றிலிருந்து மெல்லப் பிடுங்கிக் கழுவுங்கள். இங்கே நாம் கரிசலாங்கண்ணி என்பது வெள்ளைப் பூப் பூப்பதை. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று வழங்குவது வேறு இனம். தண்டின் அடிக்கணுக்களிலிருந்து வெண்மையான, பருத்த, மெத்தென்ற வேர்கள் கிளம்பியிருப்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்றைப் புதிய சவர பிளேடால் குறுக்காகச் சீவி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். வண்டிச் சக்கரம் போன்ற தோற்றம் தெரியும். நடுவே குடம், அதுவே நீரும் உணவும் செல்லும் நாளக்கற்றை. வெளியே வட்டை; அது தோல். இரண்டையும் இணைக்கும் ஆரக்கால்களைப் போல மெல்லிய உயிரணு வரிசைகள். ஆரக்கால்களுக்கு இடையே ஒன்றுமில்லை, வெறுங்காற்று. இந்தக் காற்றறைத் திசு தண்டிலும் தொடர்கிறது. இலைத்துளைகளின் வழியே புகும் காற்றும், ஒளிச்சேர்க்கையில் இலையே உண்டாக்கும் பிராணவாயுவும் இந்த வழியாக வேர்நுனி வரை இறங்குகின்றன.

இந்த அறைகள் உண்டாகும் விதம் இரண்டு. சில செடிகளில் உயிரணுக்கள் ஒன்றையொன்று விட்டு விலகி இடம் விடுகின்றன. வேறு சிலவற்றில் நடுவேயுள்ள உயிரணுக்கள் தாமே மடிந்து இடம் விடுகின்றன. நமது நெல்லின் வேரில் நடப்பது இதுவே. மடியும்படி அவற்றுக்குக் கட்டளையிடுவது யார் என்று கேட்டால், விடை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. வாழைத்தாரை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பீர்கள் அல்லவா? அப்புகையிலுள்ள எத்திலீன் என்னும் வாயுவே காயைப் பழுக்கச் செய்வது. செடிகளும் தம் உடலில் இந்த வாயுவைச் சிறிதளவு எப்போதும் உண்டாக்குகின்றன. சாதாரண நிலத்தில் அது வேரிலிருந்து வெளியேறிவிடும். நீர் சூழ்ந்தால் வெளியேற இயலாமல் வேருக்குள்ளேயே திரள்கிறது. மக்காச்சோளத்தின் வேரை வைத்து 1970-களில் நடந்த ஆராய்ச்சிகள், இவ்வாறு திரண்ட எத்திலீனே காற்றறைகள் தோன்றத் தூண்டுகோல் என்பதைக் காட்டின. வெள்ளம் வந்துவிட்டது என்ற செய்தியை வேருக்குச் சொல்வது வெள்ளத்தால் அடைபட்ட அந்தக் காற்றே!

நாற்றுப் பிடுங்கும் தாய்மார்கள் வேரில் காவி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேருக்குள் வந்த பிராணவாயுவில் ஒரு பங்கு வெளியே கசிந்து, சேற்றிலுள்ள இரும்புச் சத்தைத் துருவாக்குகிறது. அந்தக் காவி, வேர் மூச்சு விடுகிறது என்பதற்குச் சான்று.

பொன்னாங்கண்ணி இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. நீரோரத்தில் கொழுத்துப் படர்ந்த கொடியில், இரண்டு கணுக்களுக்கு இடையேயுள்ள தண்டை மட்டும் நறுக்கி, ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையில் வாய்வைத்து ஊதினால் குமிழி கிளம்பும். உள்ளே குழல் அது. அதே செடி சற்று மேட்டில், மணலில் முளைத்திருந்தால் தண்டு மெலிந்து, உள்ளே சோறு நிறைந்து, இலைகளும் சிறுத்திருக்கும். பார்த்தவர் இரண்டு வகைச் செடி என்றே எண்ணுவர். தாவர நூல் கற்றவர்களும் இப்படி ஏமாந்ததுண்டு. ஒரே விதை, விழுந்த இடத்துக்கு ஏற்ற உடலைக் கட்டிக்கொள்கிறது. பொன்னாங்கண்ணி நல்ல இடத்தில் பல ஆண்டு வாழவல்ல செடி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆற்றுக்குள் இறங்கியவை மட்டும் வெள்ளத்துக்கு முன் காரியத்தை முடிக்கும் அவசரத்தில் ஓராண்டுச் செடி போல நடந்துகொள்கின்றன.

இங்கே ஒரு சிறு விலகல். தஞ்சாவூர் நெட்டி வேலையை அறியாதார் இல்லை. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குளங்களில் வளரும் நெட்டிச் செடியின் வெள்ளைத் தண்டைச் சீவிக் கோயிலும் மாலையும் செய்கிறார்கள். அவ்வெண்மையான பகுதியைத் தண்டின் சோறு என்றே யாவரும் நினைக்கிறோம். உண்மையில் அது மரம். வேம்பிலும் தேக்கிலும் வைரமாக இறுகும் அதே பகுதி. நெட்டியில் அதன் உயிரணுக்களின் சுவர் தடிக்காமல், இறுகாமல், காற்று நிறைந்து நின்றுவிட்டது. நீரில் நிற்கும் செடிக்கு வைரத்தைவிடக் காற்றே பயன் தருகிறது.

படுகைச் செடிகளிலும் வைரத்துக்கு இடமில்லை. பூத்த கரிசலாங்கண்ணியின் தண்டை ஒடித்தால் மளுக்கென்று ஒடியும். நாளக்கற்றைகள் மெல்லிய வளையமாக இருக்கின்றன; உரமூட்டும் நார்கள் மிகக் குறைவு. பக்கத்திலேயே நிற்கும் நாணலைப் பாருங்கள். அது பல ஆண்டு வாழ வந்தது. மண்ணுக்கடியில் கிழங்குத் தண்டு ஓட்டி, தாளில் நார் ஏற்றி, வெள்ளம் வந்தால் வளைந்து கொடுத்து மீண்டும் எழுகிறது. நமது சிறு செடிகள் வெள்ளத்தோடு மல்லுக்கு நிற்பதே இல்லை. வெள்ளம் வரும்போது அவை செடியாக இருப்பதில்லை, விதையாக இருக்கின்றன. நான்கு மாதக் குடியிருப்புக்கு யாரும் காரைக் கட்டடம் கட்டுவதில்லை அன்றோ? கீற்றுக் கொட்டகை போதும். மிச்சமாகும் பொருளெல்லாம் பூவுக்கும் விதைக்கும் போகிறது.

ஆகவே, இச்செடிகள் ஆற்றங்கரையை அரிப்பிலிருந்து காக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்லுவோரும் உண்டு, அது மிகைப்பேச்சு. கரையைக் கட்டிக் காப்பது நாணலும் மரவேர்களுமே.

இனி இலைக்கு வருவோம். நீர் விலகி மணல் சுடத் தொடங்கியபின் செடியின் வாழ்வு இலையின் கையில் இருக்கிறது. கரியமிலவாயுவை உள்ளே வாங்க இலைத்துளை திறக்க வேண்டும். திறந்தால் நீர் ஆவியாகிப் போகும். மூடிக்கொண்டால் நீர் மிஞ்சும், வளர்ச்சி நிற்கும். இந்த இருதலைக்கொள்ளியைப் படுகைச் செடிகள் பலவாறு சமாளிக்கின்றன.

செருப்படை, பெயருக்கேற்பச் செருப்பின் அடிபோல மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். அதன் சுருங்கிய இலைகளிலும் இளந்தண்டிலும் வெண்மையான மயிர் அடர்ந்திருக்கிறது. மயிர் வெயிலைத் திருப்பியடிக்கிறது; இலையின் மேல் அசையாத மெல்லிய காற்றுப் போர்வையொன்றைப் பிடித்து வைக்கிறது. இக்குடும்பத்துச் செடிகளின் மயிர்ச்சுவரில் சுண்ணாம்போ மணற்சத்தோ படிந்து சொரசொரப்பாவதும் உண்டு. தடவிப் பார்த்தால் விரல் அறியும்.

கோழிக்கீரை, அதாவது பருப்புக்கீரையின் காட்டு வகை, வேறு வழியில் செல்கிறது. அதன் பருத்த இலையினுள் நீர் சேமிக்கும் பெரிய உயிரணுக்கள் உள்ளன. வறட்சி மிகும்போது இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை வாங்கிப் புளிப்பாக மாற்றி வைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடிக்கொண்டே அதைச் செலவழிக்கவும் அதற்குத் தெரியும். இது கள்ளியினத்துச் செடிகளின் வித்தை. கரும்பின் வித்தையும் அதனிடம் இருக்கிறது. அதை இதோ சொல்லப் போகிறோம். ஒரே இலையில், ஒரே உயிரணுக்களில் இவ்விரண்டும் இணைந்து நடக்கின்றன என்பதை 2022-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஆற்றில் ஆடு மேயும் கீரை அது!

கரும்பின் வித்தை என்றோமே, அது யாது? சாதாரணச் செடிகளின் இலையில் கரியமிலவாயுவைப் பிடிக்கும் புரதம் ஒன்று உண்டு. வெப்பம் மிகும்போது அது தடுமாறி, கரியமிலவாயுவுக்குப் பதில் பிராணவாயுவையும் பிடித்துவிடும். பிடித்ததைச் சரிசெய்யவே செடியின் ஆற்றலில் ஒரு பங்கு வீணாகும். கரும்பு, சோளம், கம்பு ஆகியவற்றில் வேறு ஏற்பாடு உள்ளது. இலை நரம்பு ஒவ்வொன்றையும் சுற்றிப் பருத்த உயிரணுக்கள் மாலைபோல் வளைந்து நிற்கின்றன. வெளியேயுள்ள உயிரணுக்கள் கரியமிலவாயுவைத் திரட்டி இம்மாலைக்குள் தள்ளுகின்றன. உள்ளே அது செறிந்திருப்பதால் புரதம் தடுமாறுவதில்லை. துளையைக் கொஞ்சம் திறந்தாலும் போதிய வாயு சேர்கிறது; நீர் மிச்சமாகிறது. இந்த மாலையமைப்பைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆஸ்திரிய அறிஞர் ஹாபர்லாண்ட் கண்டு, மாலை என்னும் பொருளுடைய கிரான்ஸ் என்ற ஜெர்மன் சொல்லால் குறித்தார். அது என்ன வேலை செய்கிறது என்பது 1966-இல் ஹாச், ஸ்லாக் என்னும் இருவர் ஆஸ்திரேலியாவில் கரும்பிலையை ஆராய்ந்தபோதே தெளிவாயிற்று.

காய்ச்சலுக்குக் கஷாயம் போடும் பர்ப்பாடகத்தின் ஊசி போன்ற இலையில் இந்த மாலை இருக்கிறது. அதனால்தான் சுடுமணல் பட்டையில், மற்றவை கருகும் இடத்தில், அது சாவதானமாகப் பூத்து நிற்கிறது. இன்னும் தெளிவாக வேண்டுமானால் பொன்னாங்கண்ணியையும் முள்ளுப் பொன்னாங்கண்ணியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே பேரினம். முன்னதன் இலையில் மாலை இல்லை; ஈரத்தை விட்டு அதிகம் விலகாது. பின்னது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காலில் குத்துவது. அதன் இலையில் மாலை உண்டு. காய்ந்த பாதையோரத்திலும் அது தளராது. ஒரே இலையை இருமுறை சீவிப் பார்க்கும் பொறுமையிருந்தால், எந்தச் செடி எந்தப் பட்டையில் நிற்கும் என்று செடி நின்ற இடத்தைக் காணாமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

மாசிப்பத்திரியைப் பற்றி ஒரு சொல். 1753-இல் லின்னேயஸ் இதற்கு நூற்பெயர் இட்டபோது மதராசபட்டினத்தின் பெயரைச் சேர்த்தே வைத்தார். உலகெங்கும் தாவர நூலார் இன்றும் அப்பெயரால் அழைக்கிறார்கள். சென்னையின் பெயரைத் தாங்கிய செடியை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவார் இல்லை. பாடப்புத்தகங்களில் காற்றறைத் திசுவுக்குத் தாமரையையும் வேலம்பாசியையும் படம் போட்டுக் காட்டுகிறார்கள். பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் நிற்பதை யாரும் பிடுங்கிப் பார்ப்பதில்லை.

பூவும் விதையும் இனி. ஈரம் இருக்குமட்டும் இச்செடிகள் படர்ந்துகொண்டும் பூத்துக்கொண்டும் இருக்கும். ஈரம் சீக்கிரம் வற்றினால், விரற்கடை உயரத்திலேயே இரண்டு பூப் பூத்து, விதை கட்டி முடித்துவிடும். செழித்த செடிக்கும் வாடிய செடிக்கும் விதையின் எண்ணிக்கையில் வேற்றுமையுண்டு. விதையே இல்லாமல் போவது அரிது. பொன்னாங்கண்ணியின் தட்டையான சிறு கனியின் ஓரம் தக்கைபோல் தடித்திருக்கிறது. நீரில் மிதந்து ஊர் மாறும். வயலோரத்தில் நீர்மேல் நெருப்பு என்னும் செடியைப் பார்த்திருப்பீர்கள். அதன் தூள் போன்ற விதை படகுபோல் ஒருபுறம் குழிந்து, மிதப்பதற்கென மென்திசுவைச் சுமந்திருக்கிறது.

மிதந்து வந்து வண்டலில் படிந்த விதை எப்போது முளைக்க வேண்டும் என்பதை எப்படி அறிகிறது? நமது பொருளில் ஊராட்சிக்கு நேரே தொடர்புள்ள இடம் இதுவே. ஆகையால் சற்று நிதானிப்போம். கரிசலாங்கண்ணி விதைக்கு ஒளி பட்டால்தான் முளைக்கும் இயல்பு உண்டு. இருளில் வைத்தால் ஈரம் இருந்தும் கிடந்தபடி கிடக்கும். அரை செண்டிமீட்டர் மண்ணால் மூடினாலே முளை வெளிவருவதில்லை. ஆழ்ந்த கலங்கல் நீருக்கடியில் முளைத்தால் சாவு நிச்சயம். மண்ணுக்கடியில் முளைத்தால் அத்துணைச் சிறிய விதையிலுள்ள உணவு மேலே வரப் போதாது. ஒளி பட்டது என்றால், நீர் வடிந்தது, தலைக்கு மேல் ஒன்றும் இல்லை என்று பொருள். அதுவே அதற்கு அழைப்பு. மண்ணுக்குள் அகப்பட்டவை பொறுத்திருக்கும். அடுத்த வெள்ளம் மண்ணைப் புரட்டும்போது சில மேலே வந்து, தம் முறையைப் பெறும். ஆகையால் படுகையின் மேல்மண் ஒரு விதைக் களஞ்சியம். பல ஆண்டு விதைகள் அதில் கலந்து கிடக்கின்றன.

இப்போது நம் ஆறுகளைப் பாருங்கள். மணல் அள்ளுமிடத்தில் முதலில் லாரி ஏறுவது இந்த மேல்மண். ஆழத்திலுள்ள பருமணலோ, அதற்கும் அடியிலுள்ள களியோ வெளிப்படும்போது அங்கே களஞ்சியம் இல்லை. மேலாற்றிலிருந்து வெள்ளம் புதிதாக வண்டலையும் விதையையும் கொண்டுவரும் என்பது உண்மையே. ஆனால் அணைகள் வண்டலில் பெரும்பங்கைத் தேக்கிவிடுகின்றன. மேலாற்றுப் படுகையும் தோண்டப்பட்டிருந்தால் வெள்ளம் எங்கிருந்து கொண்டுவரும்? வீடு கட்ட மணல் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எந்தத் திட்டு அள்ளப்படுகிறது, எது விடப்படுகிறது என்ற கேள்வியையேனும் ஊரார் கேட்க வேண்டும் என்கிறோம்.

இரண்டாவது, சீமைக் கருவேலம். வைகை முதலான ஆறுகளில் வெள்ளம் அருகிய படுகைகளைக் காடாக அடைத்துக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டதும், ஊர்தோறும் இயந்திரங்கள் இறங்கியதும் உங்களுக்குத் தெரியும். அது நீரை உறிஞ்சுகிறதா, எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஒளி கேட்கும் விதைகளின் மேல் ஆண்டு முழுதும் நிழலைப் பரப்பினால் அவை முளைக்கா என்பது வழக்குக்கு அப்பாற்பட்டது. வேரோடு அகற்றுவது நல்லதே. அகற்றிய இடத்தை உடனே சமன்படுத்திக் கற்பலகை பாவ வேண்டாம். அடுத்த வெள்ளம் ஒருமுறை அதன்மேல் ஓடி வடியட்டும்.

மூன்றாவது சாக்கடை. பல ஊர்களில் படுகை வெயிற்காலத்தில் காய்வதே இல்லை. ஊர்க்கழிவு ஓடி எந்நாளும் சேறாகவே இருக்கிறது. அங்கே ஆகாயத்தாமரையும் சம்பும் தழைக்கும். காய்தலை எதிர்பார்த்து வாழும் செடிகளுக்கு இடமிராது. இருக்கும் பொன்னாங்கண்ணியோ கண்ணைப் பறிக்கும் செழிப்போடு நிற்கும். தாய்மார்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம்: அந்தச் செழிப்பைக் கண்டு கீரை பறிக்காதீர்கள். சேற்றில் கலந்த ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தன் உடலில் தேக்கிக்கொள்ளும் இயல்பு பொன்னாங்கண்ணிக்கு உண்டு என்பதைப் பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் நிலமும் நீரும் கெட்ட கதை 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உலோகம் கழுவினால் போகாது, வேகவைத்தாலும் அழியாது. சாக்கடை கலக்கும் இடத்துக்கு மேலாற்றுப் பக்கமாகப் போய்ப் பறியுங்கள். மேலாற்றிலும் ஆலை இருந்தால், வீட்டுக் கொல்லையில் நல்ல நீரில் நான்கு கணுக்களை ஊன்றிவிடுங்கள். கணுவுக்குக் கணு வேர் விடும் செடிக்கு அதற்குமேல் உபசாரம் தேவையில்லை.

ஊராட்சி செய்யக்கூடியது என்ன? 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கவேண்டும். ஓராண்டில் நான்கு மாதமே கண்ணில் படும் செடிகள், ஆவணியில் நடத்தும் கணக்கெடுப்பில் அகப்படா. எழுத்தில் இல்லாத செடிக்காக எந்த அதிகாரியிடமும் யாரும் வாதாட இயலாது. 2022-இலிருந்து நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. சேர்க்கப்பட்ட இரு நாட்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். படுகை பூத்திருக்கும் சமயம் அது. அதற்கு முந்திய வாரத்தில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆசிரியர்கள் ஆற்றில் இறங்கட்டும். சேகரித்ததைச் சபையில் வைத்துப் பதிவேட்டில் ஏற்றட்டும்.

சேகரிக்கும் முறை எளிது. செடியை வேரோடு எடுத்துப் பழைய செய்தித்தாளின் மடிப்புக்குள் பரப்பி, மேலே பாரம் வைக்க வேண்டும். படுகைச் செடிகளில் நீர் மிகுதியாதலால் தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். கோழிக்கீரையை மட்டும் வெந்நீரில் ஒருமுறை முக்கியெடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் தாளுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். சீட்டில் நாள், இடம், ஊரார் வழங்கும் பெயர் இவற்றோடு, நீர் விளிம்பிலிருந்து எத்தனை எட்டு தூரம் என்பதையும் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அந்த ஓர் எண் இல்லாவிட்டால், உள்ளே காற்றறை ஏன் இருக்கிறது, மாலை ஏன் இருக்கிறது என்பது பின்னால் பார்ப்பவருக்கு விளங்காது.

கூடவே இரண்டு தட்டுகளில் மண் எடுத்து வாருங்கள். ஒன்றில் படுகையின் மேலே இரண்டு விரற்கடை மண். மற்றொன்றில் தோண்டிய குழியின் அடிமண். இரண்டையும் பள்ளித் தாழ்வாரத்தில் வெயில் படும்படி வைத்து, பிள்ளைகள் முறைவைத்து நீர் தெளிக்கட்டும். எதில் எத்தனை முளைக்கின்றன என்பதை நாள்தோறும் எண்ணிக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வரட்டும். கிராம சபைக்கு அந்தத் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மேசைமேல் இன்று காலை எடுத்த செடிகளும், நான்கு பூதக்கண்ணாடிகளும், பிளேடுகளும் வைத்திருக்கிறோம். பிளேடை நனைத்துக்கொண்டு சீவினால் துண்டு மெல்லியதாக வரும். பிள்ளைகளை வைத்துச் செய்யும்போது சீவும் வேலையை ஆசிரியரே செய்வது நல்லது. முதலில் கரிசலாங்கண்ணியின் வெள்ளை வேரை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் உடனே தெரியும்.